வியாழக்கிழமைப் பாட்டும் ஒழுக்கப் பாதுகாப்புக் குழுவும்

வேம்படிக்கட்டளை பஞ்சாயத்து டிவியில் படம் தெரிகிறதென்றால் அதற்குக் காரணம் சோணை. தெரியவில்லை என்றாலும் காரணம் சோணைதான். கோடைக்கானல் மலையில் டவர் வந்த மறுவருஷம், எழுமலைப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊருக்கும் அரசாங்கம் ஒரு டிவிப் பெட்டியை அனுப்பி வைத்தது. பெட்டிக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குச் சாவி வைத்துக்கொள்ளப் பஞ்சாயத்துத் தலைவரின் இடுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஆண்டெனாவைத் திருப்ப மட்டும் ஆள் போட மறந்துவிட்டார்கள். தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடுகிற சோணை எப்படியும் உயரத்தில் ஏறி இறங்குகிறவன்தானே, அதையும் அவனே பார்க்கட்டும் என்று முடிவானது. அதற்குச் சம்பளம் கிடையாது. படம் அலையடித்தால் வசவு மட்டும் தவறாமல் வந்து சேரும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ‘மணி அடிச்சாச்சு’ என்று ஒரு தொடர் போடுவார்கள். பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து பாட்டுக் குழு வைத்திருக்கிற கதை. பரீட்சையில் தோற்றாலும் பாடுவார்கள், வீட்டில் அடி வாங்கினாலும் பாடுவார்கள், டிபன் டப்பா காணாமல் போனால்கூட வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் தேடுவார்கள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். சோணை மட்டும் ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை. அந்த நேரம் அவன் பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். மேற்கே இருந்து வருகிற மலைக்காற்று வேட்டியைப் பிடுங்கும். “தெரியுதா?” என்று மேலிருந்து கேட்பான். தலை தெரியுது, உடம்பு தெரியல என்று கீழிருந்து பதில் வரும். கொஞ்சம் திருப்பினால் உடம்பு வந்துவிடும், தலை போய்விடும். அந்தப் பிள்ளைகளை ஊர் அப்படித்தான் துண்டு துண்டாகப் பார்த்துப் பழகியிருந்தது.

அந்தக் கார்த்திகை மாசத்து வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. சோணை கம்பத்தைத் தொட்டதும் படம் கண்ணாடி போல வந்து நின்றுகொண்டது. தலையும் உடம்பும் ஒரே சமயத்தில் தெரிந்ததில் கீழே ஊர்க்காரர்கள் அரண்டே போனார்கள்.

வந்த கதையும் சும்மா வரவில்லை. அந்தப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருக்குப் பாட்டென்றால் ஆகாது. ஆர்மோனியத்தை அறையில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறார். பிள்ளைகள் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுகிறார்கள். ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒரே மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். ஹெட்மாஸ்டர் பிரம்போடு வெளியே வருகிறார். வந்தவர் கடைசிச் சரணத்தில் தன்னை அறியாமல் இடுப்பை ஆட்டிவிடுகிறார். இதில் வில்லங்கம் என்னவென்றால், அந்த டிவி ஹெட்மாஸ்டருக்கு முன்வழுக்கை, கையில் பொடி டப்பா, வாய்க்கு வாய் “ஒழுங்கு, ஒழுங்கு” என்கிற பேச்சு. வேம்படிக்கட்டளை அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கண்ணுச்சாமிக்கும் அதே வழுக்கை, அதே டப்பா, அதே பேச்சு. டிவிக்காரர் இடுப்பை ஆட்டின நிமிஷம், தரையில் உட்கார்ந்திருந்த ஊர் முழுக்கத் திரும்பி, முன்வரிசை ஓரத்தில் கை வைத்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமியைப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரித்தது. மேலே நின்ற சோணைக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. படம் நன்றாக வருகிறது போல என்று அவனும் சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை பிரேயரில் கண்ணுச்சாமி சார் ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வரிசையில் எங்கேயோ அந்தப் பாட்டின் மெட்டு முனக ஆரம்பித்தது. ஒரு வாய் இல்லை, முந்நூறு வாய் வண்டு மாதிரி முனகுகிறது. சார் பேச்சை நிறுத்தினார். முந்நூறு வாயும் நின்றது. பத்தாம் வகுப்பு வரிசையில் ஒரே ஒரு வாய் மட்டும் கண்ணை மூடி லயித்துப்போய் ஒரு இழுப்பு கூட இழுத்துவிட்டது. அது சோணையின் மகள் தங்கப்பொண்ணு.

அவள் வீட்டில் யாரும் அஞ்சாம் வகுப்பைத் தாண்டினதில்லை. பங்குனியில் அரசாங்கப் பரீட்சை. பாஸ் பண்ணினால் உசிலம்பட்டியில் டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்க்க வேண்டும் என்று அவள் தாய் சின்னத்தாய் இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தொடக்கூடாதென்று ஒதுக்கி வைத்து வளர்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அன்று மத்தியானமே டிசி எழுதியாகிவிட்டது என்று சேதி வந்தது. டிசி கிழித்துக் கொடுத்துவிட்டால் நடு வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? பிள்ளை கூலி வேலைக்குத்தான் போகவேண்டும்.

சோணை பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் நின்றான். தலைமையாசிரியர் அவனை உட்காரச் சொல்லவில்லை, ஆனால் நியாயமாகப் பேசினார். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று தான் எதையும் செய்கிறவர் இல்லை என்றார். டிசி எழுதி மேஜை டிராயரில் இருக்கிறது, அது இருக்கட்டும், இந்த விஷயத்தை விசாரிக்க ஒழுக்கப் பாதுகாப்புக் குழு ஒன்று போட்டிருக்கிறேன், குழு குற்றம் இல்லையென்று சொல்லிவிட்டால் டிராயரில் இருப்பதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றார். தண்டனையை முதலில் எழுதிவிட்டு விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம், விசாரணைக்கு அவசரம் இருக்காது பாருங்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் கண்ணுச்சாமி. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் விருமாண்டி, நெல் அரவை மில் வைத்திருக்கிறவர். மூன்றாவது தையல் டீச்சர் சுந்தரம்மாள். முதல் அமர்வில் சாட்சியாகச் சோணையைக் கூப்பிட்டார்கள். விசாரிக்க வேண்டுமானால் டிவியில் என்ன வந்தது என்று முதலில் நிலைநாட்ட வேண்டும், அதற்குப் பார்த்தவர் யாராவது சொல்ல வேண்டும் என்றார் தலைவர். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மூன்று பேருமே முன்வரிசையில் இருந்தவர்கள்.

விருமாண்டி தொண்டையைச் செருமினார். தான் அங்கே இருந்தது நிஜம், ஆனால் அந்தப் பெண் மைக்குக்குப் பக்கத்தில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். அவள் ஊதாத் தாவணி கட்டியிருந்ததும், பையன் கை அவள் கைக்கு நாலு விரல்கடை தள்ளி மைக்கைப் பிடித்திருந்ததும் கண்ணை மூடியபோது தெரிந்ததாம். சுந்தரம்மாள் டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாராம். கடைசியில் தலைவர் எழுந்து நின்றார்.

“நான் மாணவர்களைக் கண்காணிக்கத்தான் அங்க போனேன். படத்தைப் பார்க்கல, பார்க்கிறவங்களைப் பார்த்தேன். பார்க்காமலே எனக்கு இம்புட்டு அருவருப்பா இருக்குன்னா, பார்த்திருந்தா எம்புட்டு அருவருப்பா இருந்திருக்கும்னு குழு யோசிக்கணும்.”

குழு யோசித்தது. பிறகு சோணை பக்கம் திரும்பியது. நான் மாடியில் இருந்தேன் சார், ஒண்ணையும் பார்க்கல என்றான் சோணை. ஊரில் உண்மையாகவே பார்க்காத ஒரே ஆள் அவன்தான், அதனால் அதை யாரும் நம்பவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வாரம் தலை மட்டும், அதற்கு முந்தின வாரம் கால் மட்டும், ஆனால் பிள்ளைகள் கெட்டுப்போகிற வாரம் பார்த்துப் படம் முழுசாக வந்திருக்கிறதே, எப்படி என்று கேட்டார்.

“மழை பேஞ்சு ஓஞ்சிருச்சுங்க சார். அன்னைக்குத் தானா வந்துச்சு” என்றான் சோணை.

“மழை பேஞ்சா படம் வந்துரும்னு தெரியுதுல்ல? ஒழுக்கமுள்ளவன் என்ன செய்யணும்? கம்பத்தைக் கொஞ்சம் திருப்பி விடணும்ல?”

சோணைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை நாள் படம் வரவில்லையென்று திட்டு வாங்கியிருக்கிறான், வந்ததற்குத் திட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. புரிகிறதோ இல்லையோ, மகளைக் காப்பாற்றியாக வேண்டும். அவன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சார், எம்புள்ள இனிமே பாடாதுங்க, கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்றேன் என்றான்.

குழுவுக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. ஆனால் அரசுப் பள்ளிக்குள் கற்பூரம் ஏற்றலாமா என்று சுந்தரம்மாள் டீச்சர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடமாச்சே. தலைவர் ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு அறிவியல் கூடத்திலிருந்து ஸ்பிரிட் விளக்கை எடுத்துவரச் சொன்னார். அது எந்த மதத்தையும் சேராத நெருப்பு என்று விளக்கினார். தங்கப்பொண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். விளக்கைக் கையால் அணைத்தால் வெந்துபோகும், மூடி போட்டு அணைத்தால் சத்தியம் செல்லுமா என்று விருமாண்டி கேட்க, அதற்கு ஒரு அரை மணி நேரம் போனது. மூடியே போடலாம், ஆனால் மூடிக்குப் பலம் போதாது என்பதால் கூடவே அப்பன் தலையிலும் கை வைக்க வேண்டும் என்று தீர்மானமானது. கை வைக்க வசதியாகச் சோணை தரையில் உட்கார்ந்தான். தங்கப்பொண்ணு ஒரு கையால் மூடியைப் போட்டு, மறு கையை அவன் தலையில் வைத்து, இனிமேல் பாட மாட்டேன் என்றாள். பொழைச்சோம் என்று அவன் மூச்சு விட்டான்.

அதோடு விட்டிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குக் குழுவைப் பற்றித் தெரியாது. பிள்ளை சத்தியம் பண்ணியாயிற்று, சரி. ஆனால் குழு என்று ஒன்று போட்ட பிறகு அது கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடிக்காமல் எப்படிக் கலைவது? யாரும் பார்க்காத ஒரு நிகழ்ச்சியில் ஆபாசம் எந்த இடத்தில் இருந்தது? மைக்கிலா, மெட்டிலா, தாவணியிலா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி நடந்ததை நடந்தபடி நடத்திப் பார்ப்பதுதான் என்றார் தலைவர். போலீஸிலேகூட அப்படித்தான் செய்கிறார்களாம். சுந்தரம்மாள் டீச்சர் அந்தப் பெண்ணாக நிற்பது, விருமாண்டி அந்தப் பையனாக நிற்பது. பள்ளிக்கூடத்து ஆர்மோனியம் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது, அதை வெளியே எடுத்துத் தூசி தட்டினார்கள். நாலு விரல்கடை என்பதைக் கணக்கு வாத்தியாரின் அடிக்கோலை வைத்து அளந்துகொண்டார்கள். அன்று யார் யார் எங்கே இருந்தார்களோ அங்கங்கே இருந்தால்தான் விசாரணை செல்லும் என்பதால், சாட்சியான சோணையை வகுப்பறைக் கூரை மேல் ஏறி உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவனும் ஏறி ஓட்டு மேல் குத்தவைத்து உட்கார்ந்தான்.

முதல் நாள் விருமாண்டிக்குச் சுருதி சேரவில்லை. மில்லில் கத்திக் கத்திப் பழகின தொண்டை. குற்றம் சரியாக நடக்காததால் விசாரணை மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் சுந்தரம்மாள் டீச்சர் பல்லவியை அருமையாக எடுத்தார், விருமாண்டி அனுபல்லவியில் சறுக்கினார். மார்கழி முழுக்க இப்படியே போனது. மில்லை மகனிடம் விட்டுவிட்டு விருமாண்டி நாலு மணிக்கெல்லாம் மிளகுக் கஷாயமும் கையுமாக வந்துவிடுவார். டீச்சர் உண்மை நிலவரம் தெரியட்டும் என்று ஊதாச் சேலை ஒன்று எடுத்தார். தலைவருக்கு முதலில் கை தட்டித் தாளம் போடுகிற வேலை மட்டும்தான். பிறகு, அந்தத் தலைமையாசிரியர் இடுப்பை ஆட்டிய இடம் மட்டும் விசாரிக்கப்படாமல் கிடக்கிறதே, யாராவது ஒருவர் செய்துதானே ஆகவேண்டும் என்று அவரே எழுந்து நின்றார். சட்டத்துக்காகத்தான். முதல் நாள் சட்டத்துக்காக ஒரு தடவை ஆட்டினார். பொங்கல் வருவதற்குள் ஒரு சாயங்காலத்துக்கு நாலு தடவை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கூரைமேல் இருந்த சோணைக்கு ஆர்மோனியமும் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. வீட்டிலோ ஒரு சத்தமும் இல்லை. தங்கப்பொண்ணு முன்பெல்லாம் வாசல் கூட்டும்போது பாடுவாள், ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போது பாடுவாள், பாடத்தைக்கூட ராகம் போட்டுத்தான் படிப்பாள். இப்போது உதடு மட்டும் அசையும். மோட்டார் நின்றுபோன கிணறு போல இருக்கிறதே வீடு என்று சின்னத்தாய் ஒரு நாள் புலம்பினாள். சோணை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவனுக்கும் அது பொறுக்க முடியாமல்தான் இருந்தது.

தை முடிகிற சமயத்தில் அவன் கூரையிலிருந்து இறங்கி, சார், பரீட்சைக்குப் பணம் கட்டச் சொல்லிட்டாங்க, விசாரணை எப்ப முடியும் என்று மெதுவாகக் கேட்டான். மூன்று பேருக்கும் முகம் சுண்டிவிட்டது. விருமாண்டிதான் சமாதானம் சொன்னார். “மாப்ள, நாங்க என்ன சும்மாவா இருக்கோம்? கடைசிச் சரணம் இன்னும் கைக்கு வரலய்யா. அரைகுறையா விசாரிச்சு ஒம்புள்ளைக்கு அநியாயம் பண்ணச் சொல்றியா?” என்றார். பரீட்சை எழுதட்டும், டிராயர் பாட்டுக்கு டிராயர் இருக்கட்டும் என்று தலைவர் பெரிய மனசு பண்ணினார்.

மாசி மாசம் பள்ளி ஆண்டு விழா வந்தது. மதுரையிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார். குழு தன் அறிக்கையை எழுத்தில் கொடுப்பதா, வாயால் கொடுப்பதா என்று கூடிப் பேசி, மேடையில் மெட்டோடு கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் விருமாண்டி பட்டு ஜிப்பாவும் சுந்தரம்மாள் டீச்சர் ஊதாச் சேலையுமாக ஒரே மைக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு விரல்கடை இடைவெளி இரண்டாகக் குறைந்திருந்ததை அளக்க அன்று அடிக்கோல் இல்லை. கடைசிச் சரணத்தில் பிரம்போடு மேடையேறிய கண்ணுச்சாமி சார் இடுப்பை ஆட்டிய ஆட்டில் கல்வி அதிகாரியே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஊர் விசிலடித்தது. சோணையும் சின்னத்தாயும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பாட்டை அவன் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நல்லாத்தானே இருக்கு, இதுக்கா எம்புள்ளையை அந்தப் பாடு படுத்தினாங்க என்று அவனுக்குத் தோன்றியது.

கண்ணுச்சாமி சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார். தங்கப்பொண்ணு மேடைக்கு வரவேண்டும் என்றார். சோணைக்கு நெஞ்சு விம்மியது. அவன் வம்சத்தில் மேடை ஏறினவர்கள் யாரும் கிடையாது. பிள்ளை மெதுவாக ஏறி வந்து நின்றது.

“ஐயா அவர்களுக்கு ஒன்று காட்ட விரும்புகிறேன். இந்த மாணவி முன்பு பாடும். பள்ளியிலேயே நல்ல குரல் இதுக்குத்தான். ஏம்மா, இப்ப அந்தப் பாட்டைப் பாடு.”

தங்கப்பொண்ணு சும்மா நின்றாள்.

“பயப்படாத, நானே சொல்றேன். பாடு.”

அவள் பார்வை தரையில் இருந்த அப்பன் மேல் நின்றது. உதடு இறுகியிருந்தது. மைக்கில் இரைச்சல் மட்டும் கேட்டது.

“பார்த்தீர்களா ஐயா! பாடவில்லை. நானே சொல்லியும் பாடவில்லை. இதுதான் இந்த வருஷம் இந்தப் பள்ளியின் சாதனை.”

கல்வி அதிகாரி முதலில் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சோணையும் தட்டினான், மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டினான், மேடையில் நிற்பது அவன் பிள்ளையாயிற்றே. சின்னத்தாய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எதுக்குய்யா தட்டுற என்று கேட்டாள். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது, இத்தனை நாள் அவன் படாத ஆத்திரம். பாடு தாயி, எனக்கு ஒண்ணும் ஆகாது என்று கத்தத்தான் அவன் எழுந்து நின்றான்.

“அதோ, பெற்ற தகப்பனே எழுந்து நின்று மரியாதை செய்கிறார்” என்றார் கண்ணுச்சாமி சார் மைக்கில்.

கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்தில் சோணை கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. தங்கப்பொண்ணுக்கு ஒழுக்கப் பரிசு என்று ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். டிராயரில் இருந்த டிசியை மேடையிலேயே கிழித்துப் போட்டார்கள். அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது.

கூட்டம் கலைந்து போகையில் சோணை பிள்ளையைக் கிட்டே இழுத்துக்கொண்டான். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சத்தியத்தையெல்லாம் நீ வச்சுக்காத, நானா வாயை விட்டு உன் வாயைக் கட்டிப்புட்டேன், அப்பனுக்கு ஒண்ணும் ஆகாது, நீ பாடுத்தா என்றான்.

தங்கப்பொண்ணு டம்ளரை அம்மா கையில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்து வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“பரீட்சை முடியட்டும்ப்பா” என்றாள் தணிந்த குரலில். “அன்னைக்கு நானே அந்தாளு முன்னாடி போய் நின்னு டிசியைக் கேட்டு வாங்குவேன். வாங்கி மடியில முடிஞ்சுக்கிட்டு, அவரு ஜன்னலுக்கு வெளிய நின்னு ஒரு பாட்டு பாடிட்டு வாரேன்.”